பூவரசம்பூவுக்குள் ஏன் இருட்டு?

காவிரிப் படுகையில் எந்த வாய்க்கால் கரையில் நடந்தாலும் பூவரசு தட்டுப்படும். அதன் பூ எலுமிச்சை மஞ்சளில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மணி. ஒன்றன் விளிம்பை ஒன்று மூடியபடி ஐந்து இதழ்கள். உள்ளே, அடியில், அரக்குச் சிவப்பில் ஒரு வட்டம். நடுவே மகரந்தம் அப்பிய தண்டு. வெயில் ஏறிய பிறகு அந்தப் பூவின் வாய்க்கு நேரே கைப்பேசியைப் பிடித்து, திரையில் இதழின் மேல் விரலால் தட்டிப் படம் எடுங்கள். இதழ் அழகாக வரும். அரக்கு வட்டம் இருந்த இடத்தில் கரிய ஓட்டைதான் இருக்கும். சரி, அந்த ஓட்டையின் மேல் தட்டிப் பார்ப்போம் என்று தட்டினால் அரக்கு நிறம் வந்துவிடும், மகரந்தத் தூள்கூடத் தெரியும்; ஆனால் இதழ்கள் வெளுத்துப் போய் விளிம்பு வானத்தோடு கரைந்துவிடும். இரண்டும் சேர்ந்து வரவே வராது. உங்கள் கண்ணுக்கோ இரண்டும் ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரிகின்றன.

அந்த 'ஒரே நேரத்தில்' என்பதில்தான் சூட்சுமம். கண் ஒரே நேரத்தில் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. நொடிக்கு மூன்று முறை வாக்கில் பார்வை இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. இதழில் நிற்கும்போது இதழின் வெளிச்சத்துக்கும், தொண்டைக்குள் இறங்கும்போது அந்த இருட்டுக்கும் விழித்திரை தன்னைத் திருத்திக்கொள்கிறது. இப்படித் துண்டு துண்டாக வந்ததையெல்லாம் மூளை ஒட்டி, ஒரே காட்சி என்று நம்மை நம்பவைக்கிறது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே பூவின் அடிப்பகுதியை மட்டும் சற்று நேரம் பாருங்கள். முதலில் கருப்பாகத் தெரிந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நரம்புகளும் நிறமும் எழுந்து வரும். பூ மாறவில்லை, கண் அந்த இடத்துக்கு ஏற்பத் திரும்பியிருக்கிறது.

கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனுள் இருக்கும் உணர்வியில் லட்சக்கணக்கான பிக்சல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒளி விழும்போது ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. சேரும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. கைப்பேசியின் பிக்சல் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலம்தான். அதில் சில ஆயிரம் எலெக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. பெரிய கேமராவின் பிக்சலில் பல பத்தாயிரம் கொள்ளும். நிரம்பிய பிறகு எவ்வளவு ஒளி வந்தாலும் அது 'நிறைந்தது' என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு வழிந்தது என்று சொல்லாது. வெளுத்துப்போன இதழ் என்பது அப்படி நிரம்பிய பிக்சல்களின் கூட்டம். மறுபக்கம், மிகக் குறைவான ஒளி விழுந்த பிக்சலில் உண்மையான சேதி, உணர்வியின் சொந்த இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. அதுதான் கரிய ஓட்டை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை டைனமிக் ரேஞ்ச் என்பார்கள். தமிழில் ஒளி வீச்சு என்று வைத்துக்கொள்ளலாம். விலை கூடிய கேமராவுக்கு ஒளி வீச்சு அதிகம், அவ்வளவுதான். நடுப்பகல் பூவரசம்பூ அதையும் திணறடிக்கும்.

ஒரு சின்னப் பூவின் இதழுக்கும் அடிக்கும் நடுவே அவ்வளவு ஒளி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிதானே?

கல்யாண வீட்டு வாசலில் சிவப்புத் துணிப் பந்தல் போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் அதன் கீழ் உட்கார்ந்திருப்பவர்கள் முகமெல்லாம் சிவந்து கிடக்கும்; வெள்ளை வேட்டி இளஞ்சிவப்பாகிவிடும். ஆல்பத்தில் மாமாவின் வழுக்கை தக்காளி நிறத்தில் வரும். உள்ளே வெளிச்சம் இருக்கிறது, ஆனால் அது துணி வழியாக வடிந்து வந்த வெளிச்சம். அளவும் குறைந்துவிட்டது, நிறமும் ஏறிவிட்டது. மணிப்பூ இப்படி ஒரு பந்தல். இதழ்தான் துணி. வெளியே நேர் வெயில் 1,00,000 லக்ஸ் அளவில் அடிக்கும்போது, உள்ளே வருவது வாய் வழியாக எட்டிப்பார்க்கும் கொஞ்சம் ஒளியும், இதழ் வழியாகக் கசிந்த கொஞ்சமும்தான்.

இதழ் துணியைப் போல ஒளியை எப்படிக் கசியவிடுகிறது என்பது சுவாரசியமான கதை. நிறமி இதழின் முழுத் தடிமனிலும் பரவியிருக்கும் என்று தோன்றும். பல பூக்களில் அது பெரும்பாலும் தோலை ஒட்டிய செல்களில்தான் இருக்கிறது. நடுவில் உள்ள செல்களுக்கு இடையே காற்று இடைவெளிகள் இருக்கின்றன. செல்லுக்குள் நீர், வெளியே காற்று. ஒவ்வொரு எல்லையிலும் ஒளி மோதித் திசை மாறுகிறது. இப்படிச் சிதறிய ஒளியில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது, ஒரு பங்கு மறுபக்கம் போய்விடுகிறது. இரண்டுமே போகிற வழியில் நிறமியைக் கடந்தாக வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் காஸ்பர் வான் டெர் கோய், டூகெலே ஸ்டாவெங்கா குழுவினர் பல பூக்களின் இதழ்களை அளந்து, பூவின் நிறம் என்பது சிதறலும் வடிகட்டலும் சேர்ந்து செய்யும் வேலை என்று 2016இல் விளக்கினார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசி நீக்கிய மருத்துவ சிரிஞ்சில் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரும், ஒரு துண்டுச் செம்பருத்தி இதழும் போடுங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். இதழிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். விட்டுவிட்டு மறுபடி இழுங்கள். சில முறை செய்தால் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்து, இதழ் கண்ணாடி போலாகிக் கீழே மூழ்கும். நிறமி அப்படியே இருக்கிறது. சிதறல் போய்விட்டது, அதனால் இதழின் திடமும் போய்விட்டது. ஜப்பானிய மலைகளில் டிஃபிலெயா கிரேயி என்று ஒரு செடி இருக்கிறது. அதன் வெள்ளைப் பூ மழையில் நனைந்தால் தானாகவே கண்ணாடியாகிவிடும். காய்ந்தால் மறுபடி வெள்ளை. மழையில் நனைந்த மணிப்பூவைப் படம் எடுக்கிறவர்கள், இதழ் ஓரங்களில் ஆங்காங்கே திட்டுத்திட்டாக ஒளி ஊடுருவுவதைப் பார்த்தால் லென்ஸைத் துடைக்க வேண்டாம். நீர் உள்ளே ஏறியிருக்கிறது.

பந்தலுக்குள் நுழைந்த ஒளி உடனே வெளியேறிவிடுவதில்லை. ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று துள்ளுகிறது. பூவரசின் மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்குவது. ஒரு துள்ளலுக்குக் கொஞ்சம் நீலம் போகும், அடுத்த துள்ளலுக்கு இன்னும் கொஞ்சம். ஆகவே மணியின் உள்ளே போகப்போக மஞ்சள் அடர்ந்துகொண்டே போகும். ஒரு இதழைத் தனியாகப் பிய்த்து மேசையில் வைத்தால் வெளிறித் தெரிவதும், அதே இதழ் பூவில் இருக்கும்போது வெண்ணெய் உருக்கினாற்போல் தெரிவதும் இதனால்தான்.

இனி அடியில் இருக்கும் அரக்கு வட்டத்துக்கு வருவோம். பூவைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். காம்பு முடியும் இடத்தில் பச்சை நிறக் கிண்ணம் ஒன்று இதழ்களின் அடியைக் கவ்விப் பிடித்திருக்கும்; அதுதான் புல்லிவட்டம். தடித்தது, ஒளி புகாது. அரக்கு வட்டம் சரியாக அந்தக் கிண்ணத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகப் பந்தலின் இந்த மூலையில் துணிக்குப் பதில் பலகை. ஏற்கெனவே மஞ்சளாகிவிட்ட, மிச்சசொச்ச ஒளிதான் அங்கே வருகிறது. அதையும் அரக்கு நிறமி, கொஞ்சம் சிவப்பை மட்டும் விட்டுவிட்டு விழுங்குகிறது. மூன்று குறைவுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றன. கேமரா அதைக் கருப்பு என்று எழுதுவதில் தப்பே இல்லை.

காரணம் தெரிந்தால் கைவேலையும் தானாக வந்துவிடும். பந்தலுக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏற்ற வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைப் பூவின் வாய்க்குக் கீழே, படத்தில் விழாதபடி பிடித்தால் போதும். வெயில் அதில் பட்டு நேராகத் தொண்டைக்குள் ஏறும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தரும் கருவி கேமராக் கடையில் கிடையாது. நடுப்பகல் என்றால் பூவுக்கு மேலே குடை பிடிப்பது இன்னொரு வழி. உள்ளே வெளிச்சம் கூடாது; வெளியே குறையும். வித்தியாசம் சுருங்குவதுதானே நமக்கு வேண்டும்? மூட்டமான நாளில் இயற்கையே குடை பிடிக்கிறது. ஒளி 10,000 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் வானம் முழுவதிலிருந்தும் வரும். பக்கவாட்டிலிருந்தும் பூவின் வாய்க்குள் புகும். 'நல்ல வெயில், நல்ல படம்' என்று நினைத்து மூட்டத்தில் கேமராவைப் பைக்குள் வைப்பவர்கள் மணிப்பூவுக்கு ஏற்ற நாளைத் தவறவிடுகிறார்கள்.

வெயிலை எதிர்கொண்டு நின்று, பூ நடுவில் இருக்கும்படி எடுப்பதும் உண்டு. இதழ் முழுக்க விளக்கு ஏற்றியதுபோல் ஒளிரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரங்களில் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பெரிய ஊமத்தை வகைக்கு (தென்னமெரிக்காவிலிருந்து வந்தது) இந்த முறை பிரமாதம். நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். ஆனால் இங்கே கேமராவின் ஒளிமானி ஏமாறும். எதைப் பார்த்தாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் பூவை இருட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை நீங்களே கையால் கூட்ட வேண்டும்.

மஞ்சள், சிவப்பு மணிப்பூக்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. உணர்வியின் பிக்சல்களுக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன வடிகட்டிகள் கட்டம் கட்டமாக ஒட்டியிருக்கும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு. நான்கில் இரண்டு பச்சை. மஞ்சள் பூவின் முன்னால் நீலப் பிக்சல்கள் சும்மா இருக்க, சிவப்புப் பிக்சல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்றையும் சராசரி எடுத்துப் பார்த்தால் 'இன்னும் இடமிருக்கிறது' என்றே தோன்றும். ஆனால் சிவப்பு நிரம்பிய கணமே இதழின் நரம்பும் மடிப்பும் போய், பிளாஸ்டிக் பூ போல ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் கேமரா என்றால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுப்பது உத்தமம்.

ஆழம் அடுத்த சிக்கல். தட்டையான பூவில் எல்லாம் ஒரே தூரத்தில் இருக்கிறது. மணியில் வாய் ஓரிடம், தொண்டை வேறிடம். லென்ஸ் ஒரு தளத்தை மட்டுமே துல்லியமாகக் காட்டும். அதன் முன்னும் பின்னும் பரவாயில்லை என்று கண் ஒப்புக்கொள்ளும் பரப்பைக் காட்சி ஆழம் என்கிறோம். 35 மி.மீ. ஃபிலிம் அளவு உணர்வி உள்ள கேமராவில், பூவின் பிம்பம் நிஜத்தில் பாதி அளவுக்கு விழும்படி நெருங்கினால், எஃப்-8 துளையில் காட்சி ஆழம் ஏறத்தாழ 3 மி.மீ.தான். பூவின் ஆழமோ 4, 5 சென்டிமீட்டர். துளையைச் சுருக்கிச் சுருக்கி ஒரு எல்லைக்கு மேல் போனால் ஒளி விளிம்பில் வளைந்து எல்லாமே மங்கத் தொடங்கும். சின்ன உணர்வி காரணமாகக் கைப்பேசிக்கு இதில் ஆதாயம் உண்டு. காட்சி ஆழம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதே கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறையைப் போட்டுவிடாதீர்கள். பின்னணி எது, பூ எது என்று மென்பொருள் ஊகித்து மங்கலாக்கும்; மணியின் தொண்டையைப் பின்னணி என்று முடிவு செய்துவிடும்.

பல கைப்பேசிகள் ஒளி வீச்சுப் பற்றாக்குறையைத் தீர்க்க எச்.டி.ஆர். என்ற பெயரில் அடுத்தடுத்துச் சில படங்களை எடுத்து ஒட்டுகின்றன. கண் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்யப் பார்க்கிறது. ஆடாத பூவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மெல்லிய காம்பில் தொங்கும் மணி, மூச்சுக் காற்றுக்கே ஆடும். ஒட்டும்போது விளிம்பு இரட்டையாகும்.

தொங்கும் பூவை எடுக்கக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள்; மேல் முனையில் இருக்கும் லென்ஸ் தரையோரம் வந்துவிடும், நீங்கள் மண்ணில் படுக்க வேண்டியதில்லை. பூவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பது எளிதுதான், ஆனால் அது பூவின் நிலைமையைப் பொய்யாக்குகிறது. தலை கவிழ்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் பள்ளி நடத்திவந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல், 1787இல் காட்டு ஜெரேனியப் பூவின் இதழடியில் மெல்லிய மயிர்களைக் கவனித்து, தேனை மழையிலிருந்து காக்கவே அவை இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். 1793இல் அவர் வெளியிட்ட பெரிய நூல், பூவின் ஒவ்வொரு உறுப்பையும் பூச்சி, தேன், மழை என்ற கண்ணோடு பார்த்தது. தேன் மட்டுமல்ல, பல செடிகளின் மகரந்தம் நீர் பட்டால் வெடித்துவிடும். கவிழ்ந்த மணி அதற்குக் கூரை.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிச்சத்தின் அளவு. நிறம் என்று வந்தால் குறிஞ்சியை விட்டுவிட்டுப் பேச முடியாது. மூணாறை அடுத்த இரவிகுளத்தில் 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை மூடிய நீலக்குறிஞ்சி, அடுத்து 2030இல் வர வேண்டும். ஒவ்வொரு பூவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணி. 2018இல் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஒன்றில் நல்ல நீலம், ஒன்றில் கத்தரிப்பூ நிறம், இன்னொன்றில் சாம்பல் கலந்த ஊதா. எல்லாரும் பார்த்தது ஒரே மலை.

ஒரு காரணம் வெண்சமன். மாலை வெயிலிலும் குழல்விளக்கிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்ட, கேமரா ஒளியின் நிறத்தை ஊகித்துத் திருத்துகிறது. படத்தின் பெரும்பகுதி நீலமாக இருந்தால், 'ஒளியே நீலம் போலிருக்கிறது' என்று அது நினைத்து மஞ்சளைச் சேர்க்கும். ஒரு மலை முழுவதும் நிஜமாகவே நீலமாக இருக்கக்கூடும் என்பது அதன் கணக்கில் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கேமராவின் மூன்று வடிகட்டிகளும் நம் கண்ணின் மூன்று கூம்பு செல்களும் ஒன்றல்ல. வானவில்லின் ஊதா முனையில் நமக்குக் கொஞ்சம் சிவப்புச் சாயல் தெரிகிறது. சில கேமராக்களின் சிவப்பு வடிகட்டி அதைக் கண்டுகொள்வதில்லை, ஊதா நீலமாகிவிடுகிறது. எதிர் முனையில் நடப்பது வேறு. நீலப் பூக்கள் பலவும் சிவப்பின் கடைக்கோடியில், நம் கண் அநேகமாகக் குருடாகிவிடும் இடத்தில், ஏராளமாக ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. ஃபிலிம் காலத்தில் இது பிரசித்தம்: நீல மணி வடிவ மார்னிங் குளோரியை எடுத்தால் ரோஜா நிறத்தில் வரும், கழுவியவர் மேல் பழி விழும். ஃபிலிமின் சிவப்பு அடுக்கு அந்தக் கடைக்கோடி ஒளியைப் பார்த்துவிட்டது என்பதே விஷயம். பூவிலிருந்து வரும் ஒளியை நிறமாலைமானியில் அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தபோதுதான் இது உறுதியானது. இன்றைய உணர்விகளுக்கு முன்னால் அந்த ஒளியைத் தடுக்கும் கண்ணாடி உண்டு. அது எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். அதனால்தான் இரண்டு கைப்பேசிகள் ஒரே குறிஞ்சியைப் பற்றிச் சண்டை போடுகின்றன. தேனீயைக் கேட்டால் இரண்டும் தப்பு என்று சொல்லும். அதற்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, புறஊதா தெரியும்.

வெண்சமனை மட்டுமாவது நம் கட்டுக்குள் வைக்கலாம். கைப்பேசிக் கேமராவின் புரோ முறையில் தானியங்கியை நீக்கிவிட்டு வெயில் அடையாளத்தில் நிறுத்துங்கள். பூவரசு காலையில் மஞ்சளாக விரிந்து, மாலைக்குள் சிவந்து வாடுவது. அந்த மாற்றத்தை மணிக்கு ஒரு படமாக எடுக்க நினைப்பவருக்கு இது கட்டாயம். மாலை வெயிலும் சிவப்பு என்பதால், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அதே வெள்ளைத் தாள் விழும்படி வைக்க வேண்டும். தாள் எவ்வளவு சிவந்திருக்கிறதோ அது வெயிலுடையது. அதற்கு மேல் இதழில் இருப்பது பூவுடையது.

நீலக்குறிஞ்சியின் உறவினர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐம்பதுக்கும் மேல். பலவும் நீல, ஊதா மணிகள். முன்பக்கமாக, விளிம்பு மட்டும் தெளிவாக எடுத்த அழகான படத்தை வைத்துத் தாவரவியலாளர் எதையும் சொல்ல முடியாது. அவர் கேட்பது வேறு: பூங்கொத்தை மூடிய செதில் இலைகள், புல்லிவட்டத்தின் பிளவுகள், இலையின் அடிப்பக்கம், மணியின் உட்சுவரில் மயிர் இருக்கிறதா, மகரந்தத்தாள் எத்தனை. முதல் மூன்றும் பக்கவாட்டுப் படத்தில் கிடைக்கும். கடைசி இரண்டும் தொண்டைக்குள். அதற்குப் பழைய தாவர ஓவியர்களின் வழி இன்றும் செல்லும். வீட்டுத் தோட்டத்தில் வளரும் குறிஞ்சி வகை என்றால் உதிர்ந்த மணி ஒன்றை எடுங்கள். இதழ்கள் ஒன்றாய் இணைந்த பூ என்பதால் அது முழுசாக உதிரும். மகரந்தத்தாள்கள் உட்சுவரிலேயே ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வரும். பிளேடால் ஒரு பக்கம் நீளவாக்கில் கீறி, வெள்ளைத் தாளின் மேல் விரித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல். இப்போது பந்தலும் இல்லை, ஆழமும் இல்லை; ஜன்னல் வெளிச்சம் ஒரே சீராக விழும், மயிர் முதல் மகரந்தப்பை வரை எல்லாம் ஒரே தளத்தில் துல்லியமாக வரும்.